கரைமேல் விரித்த ரொட்டித் துணி

என் பெயர் ஒகுல்கெரெக். எங்கள் துர்க்மென் பேச்சில் அதற்கு 'ஆண்பிள்ளை வேண்டும்' என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் போயிற்றே என்ற எரிச்சலில் அப்பா வைத்தது. அன்று பிடித்த கோபம் இன்னும் இவளுக்கு இறங்கவில்லை என்று எங்கள் ஊர் சாரிகுயியில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

மூன்று வருஷமாக முகம் காட்டாத மழை அந்த வசந்தத்தில் ஒரே பகலில் கொட்டித் தீர்த்தது. வெள்ளம் வந்து எங்கள் களித்தரை முழுக்கச் செக்கச்செவேலென்று நின்றது. ரோடு முங்கியது. என் ஆட்டுப்பட்டி சுவர் கரைந்து விழுந்தது. ஆனாலும் ஊரே சந்தோஷமாக இருந்தது. அந்த வெள்ளம்தானே எங்களுக்கு வருஷம் முழுக்கக் குடிதண்ணீர்! மழை பொய்த்த வருஷங்களில் டவுன் லாரி கொண்டுவரும் தண்ணீர்தான் கதி. கரை போட்டு நிறுத்திவிட்டால், தோண்டி வைத்திருக்கும் மணற்குழிகள் வழியாக அது மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும். அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலில் ஆடை மாதிரி, நல்ல தண்ணீர் மிதந்து நிற்கும். கிணற்றில் வாளி விட்டு அதை மேலாக மொண்டு குடிப்போம். இறங்கி முடிவதற்குள் கரை உடைந்தால் அத்தனையும் உப்புப் பள்ளத்தில் போய்ச் சேரும். பிறகு மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டியதுதான்.

அந்தக் கரையை உடைக்கத்தான் மெர்தானோவ் வந்தார். மாவட்ட அலுவலகத்து அதிகாரி. ஆண்கள் எல்லாரும் சிதறிப்போன ஆடுகளைத் தேடி மணல்மேட்டுப் பக்கம் போயிருக்க, கரையருகே நாங்கள் பெண்கள் மட்டும்தான் இருந்தோம். அந்த நேரம் பார்த்து முன்னால் ஜீப்பில் அவரும் ஒரு போலீஸ்காரரும், பின்னால் ஒரு புல்டோசர்.

"ஏம்மா, நாளைக்கு இந்த ரோட்டுல பெரிய ஐயா வர்றாரு. எரிவாயு நிலையம் திறப்பு விழா. கரையை வெட்டித் தண்ணியை விட்டுட்டுப் போயிடறோம். உங்களுக்கும் நல்லதுதானே? வெள்ள நிவாரணம்னு நெனச்சுக்குங்க" என்றார் மெர்தானோவ்.

"நிவாரணமா? ஏன் தம்பி, பசிச்சவன் தட்டைப் பிடுங்கிட்டு, 'உன் வயித்துக்குப் பாரம் குறைச்சிட்டேன்'னு சொல்லுவியா? மணல்மேட்டு வழியா சுத்திப் போகச் சொல்லு உங்க பெரிய ஐயாவை" என்றேன்.

"அவரு கார் மணல்ல போகாதும்மா."

"எங்க ஒட்டகம் போகுமே. ஏத்தி விடட்டுமா?"

பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். மெர்தானோவுக்கு முகத்துச் சிவப்பு காதுவரை ஏறிவிட்டது. "ஓட்டுப்பா!" என்று புல்டோசர்காரனைப் பார்த்துக் கத்தினார்.

வாய் பேசிவிட்டேன், சரி. அவ்வளவு பெரிய இரும்பை எதைக் கொண்டு தடுப்பது? முன்னால் படுத்தால் போலீஸ்காரர் காலைப் பிடித்து இழுத்துப் போட்டுவிடுவார். அப்போதுதான் என் வீட்டு மண் அடுப்பிலிருந்து கருகல் வாசனை வந்தது. ஐயோ, ரொட்டி! விழுந்தடித்து ஓடினேன். குனிந்து ரொட்டியை எடுத்த அந்த நொடியில்தான் எனக்குப் புத்தி வந்தது.

சூடு ஆறாத ரொட்டிகளைத் துணியில் கட்டிக்கொண்டு கரைமேல் ஏறினேன். புல்டோசருக்கு நேர் எதிரே துணியை விரித்து, ரொட்டிகளை மேலே அடுக்கி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் ஊரில் தெருவில் ஒரு ரொட்டித் துணுக்கு கிடந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றி உயரத்தில் வைத்துவிட்டுத்தான் நடப்போம். ரொட்டிக்கு விரித்த துணியைத் தாண்டக்கூட மாட்டோம். புல்டோசர் நின்றது. ஓட்டி வந்த அத்தாமிராத் எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே குதித்தான்.

"என்னடா இறங்கிட்ட? ஏத்துடா!"

"ரொட்டிமேலயா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு ஐயா. வேற ஆளைப் பாருங்க."

மெர்தானோவ் என் பக்கம் திரும்பினார். "எடும்மா அதை!"

"விருந்தாளிக்கு விரிச்சது. ஒரு வாய் பிட்டுச் சாப்பிட்டுட்டு எடுக்கச் சொல்லு. உடனே எடுக்கறேன்."

அவர் ரொட்டியைத் தொடவில்லை. என் ரொட்டியைத் தின்றுவிட்டு என் கரையை வெட்ட முடியாதென்று அவருக்கும் தெரியும். துணியை எடுக்கப் போலீஸ்காரரை அனுப்பினார். அந்த மனுஷர் வந்தார், குனிந்தார், ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"சூடா இருக்குங்க ஐயா" என்றார் பணிவாக.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மெர்தானோவ் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி. டவுன்லேர்ந்து தண்ணி லாரி வருதில்ல? நாளையிலேர்ந்து வராது. கிணறு உப்புக் கரிச்சா எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

சிரிப்பு அடங்கிவிட்டது. வருஷா வருஷம் கிணறு ஒரே மாதிரி இருப்பதில்லை. வெள்ளம் இறங்கினாலும் சில வருஷம் உப்புக் கரிக்கும். கைக்குழந்தையோடு நின்ற துவாக்பீபியின் முகத்தைப் பார்த்தேன். நான் பாட்டுக்கு வீராப்பு பேசி, அந்தப் பச்சைக்குழந்தை தாகத்தில் கிடந்தால்? எடுத்துவிடலாமா என்று என் கை துணி ஓரத்தைப் பிடித்தேவிட்டது.

துவாக்பீபி யாரிடமும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். இருந்த ஒரே ரொட்டியைத் தன் துணியில் வைத்துக்கொண்டு வந்து, என் துணியை ஒட்டி விரித்தாள்.

"லாரியை நிறுத்திக்குங்க. அந்தத் தண்ணில டீசல் நாத்தம். என் புள்ள வாந்தி எடுக்குது" என்றாள்.

அப்புறம் என்ன! ஆளாளுக்கு ஓடினார்கள். வட்ட ரொட்டி, நேற்றைய ரொட்டி, பாதி ரொட்டி என்று வீட்டில் இருந்ததெல்லாம் வந்தது. கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துணி விரிந்துவிட்டது. அத்தாமிராத் இயந்திரத்தை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "தேநீர் கிடைக்குமா அக்கா?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மெர்தானோவ் "பாத்துக்கறேன், பாத்துக்கறேன்" என்று கத்திவிட்டு ஜீப்பில் ஏறினார். மறுநாள் பெரிய ஐயாவின் கார்கள் மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டு போயின.

ஆனாலும் நாங்கள் கரையை விடவில்லை. காய்ந்த ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றோம், புது ரொட்டியை வைத்தோம். ஆண்கள் திரும்பி வந்து எங்களோடு காவலுக்கு உட்கார்ந்தார்கள். லாரி வரவே இல்லை. வீட்டுக் குடங்கள் காலியாகிக்கொண்டே வந்தன.

களித்தரையில் சேறு மட்டும் மிஞ்சியதும் ஊரே கிணற்றைச் சூழ்ந்துகொண்டது. விட்டுப்போன புல்டோசரை எடுத்துப் போக வந்திருந்த அத்தாமிராத்தும் வேடிக்கை பார்க்க நின்றான். முதல் வாளியை நான்தான் இறைத்தேன். ஒரு வாய் குடித்தேன்.

"நல்ல தண்ணிடீ!" என்று கத்தினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துவாக்பீபி வாளியைப் பிடுங்கி முதலில் குழந்தைக்குத்தான் புகட்டினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேன் நிறையத் தண்ணீர் பிடித்து அத்தாமிராத்திடம் நீட்டினேன்.

"மெர்தானோவ்கிட்ட கொடுப்பா."

"என்ன சொல்லிக் கொடுக்கறது அக்கா?"

"முதல்ல ஒண்ணும் சொல்லாத, குடிக்கட்டும். குடிச்சு முடிச்சப்புறம் எந்த ஊருத் தண்ணின்னு சொல்லு."