வராத ராஜாவின் பெயர்

மாலை நேர ஆங்கில வகுப்பில் ஆளுக்கு ஒரு சொல்லின் கதையைப் பேச வேண்டும். நான் 'பிலிப்பினோ' என்பதை எடுத்தேன். காரணம் அண்ணன். துபாயில் இருக்கும் மாரிராஜ், கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண் ரொவேனாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு பேரும் ஊருக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். அம்மா பதில் சொல்லவில்லை. ரொவேனாவின் பெயரையும் சொல்வதில்லை, 'அந்தப் பிலிப்பினோ'தான்.

நேற்று பேச்சை வீட்டில் தமிழில் சொல்லிப் பார்த்தேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

"அந்தத் தீவுகளுக்கு வந்த ஸ்பெயின்காரர்கள் தங்கள் இளவரசர் பிலிப்பின் பெயரை வைத்தார்கள். பிறகு அவர் ராஜா ஆனார். அங்கே பிறந்த ஸ்பெயின்காரர்களுக்குத்தான் முதலில் பிலிப்பினோ என்று பெயர். அந்த மண்ணின் மக்களை அவர்கள் 'இந்தியோ' என்றார்கள். அதாவது, இந்தியர்."

இந்த வரியில் அம்மா மனது இளகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்று இடங்களில் சரிபார்த்த வரி.

"ஏட்டி, ஒங்க அண்ணனுக்கு வக்கீலா வந்திருக்கியோ?" அம்மா தலை நிமிரவில்லை.

"கிளாஸ்ல பேசணும்மா."

"பேசு, பேசு."

எடுத்த சொல்லே தப்போ என்று தோன்றியது. எழுதி வைத்திருந்த தாளை மடித்தேன். கடைசிக் காயை நறுக்கும்போது அம்மாவே கேட்டாள்.

"அந்த ராஜா அங்கன வந்து இருந்தானா?"

"ஒரு தடவகூட வரல."

"ஒரு நல்லது கெட்டதுக்குக்கூடயா?"

"இல்லம்மா."

"எட்டிப் பாக்காதவன் பேர ஒரு நாடே சொமக்குதாக்கும்."

"இப்ப அது அவங்க பேருதான். பின்னால அவங்களே விரும்பி எடுத்துக்கிட்டாங்க."

"சரிட்டி, அது நாட்டுக்குப் பேரு. அவளப் பெத்தவ அவளுக்கு வச்ச பேரு என்ன?"

எத்தனையோ முறை அண்ணன் சொன்ன பெயர்தான். மறுபடி சொன்னேன்.

"ரொ... வேனா." கையைக் கழுவிக்கொண்டே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். "போனப் போடு."

வீடியோவில் அண்ணன் வந்தான்.

"நீ தள்ளுலே. ரொவேனா எங்க?"

அண்ணன் முகம் போய் அவள் முகம் வந்தது. தலைமுடியை அவசரமாக ஒதுக்கிக்கொண்டாள்.

"சாப்ட்டியா மக்கா?"

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் ஏதோ முணுமுணுத்தான். "சாப்...டேன்," என்றாள்.

"தபசு கூட்டத்துல ரூம் ஒண்ணும் கெடைக்காது," என்றாள் அம்மா. "நேரா வீட்டுக்கு வந்துருங்க."