சின்ன பஸ்ஸின் முன்கண்ணாடி

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட்டு உட்காருங்கள். இந்தக் கதைக்குக் காற்று ஆகாது. தீப்பெட்டி அகலம்கூட இல்லாத ஒரு கண்ணாடியால் ஒரு மனுஷனுக்குச் சோறு இறங்காமல் போன கதையைச் சொல்கிறேன்.

அவர் ஒரு சலூன்காரர். கடை முன்னால், வீடு பின்னால். ஆள் வராத நேரமெல்லாம் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, சாயம் பூசி, சின்னச் சின்ன வண்டிகள் செய்வார். சீப்பும் கத்தரியும் இருக்க வேண்டிய அலமாரியில் லாரியும் ரயில் எஞ்சினும் நிற்கும்.

அவர் மனைவிக்கு ஓர் அண்ணன், பஸ் டிரைவர். பதினொரு வருஷமாக ஒரே பஸ். மாதம் ஒரு தடவை முடிவெட்ட வந்து நாற்காலியில் சாய்ந்தாரானால் அவருக்கு இரண்டே பேச்சு. ஒன்று, அந்த பஸ்ஸின் முன்கண்ணாடியில், தன் பக்கத்து மூலையில் ஓடுகிற விரிசல். எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், பணிமனையில் மாற்றுகிற பாடில்லை. இன்னொன்று, அலமாரியைப் பார்த்து ஒரு கேள்வி: "மாப்பிள்ளை இன்னும் பொம்மை வச்சுதான் விளையாடுறாரா?" காத்திருக்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். சலூன்காரரும் சிரித்து வைப்பார். கையில் கத்தி பிடித்திருக்கிறவன் கோபப்படலாமா?

அந்த டிரைவருக்கு ஓய்வு வந்தது. பணிமனையில் ஒரு மதியம் வழியனுப்பு என்று நாள் குறித்தார்கள். அதற்காகவே சலூன்காரர் நாலு மாதமாக அதே பஸ்ஸைச் சின்னதாகச் செய்துகொண்டிருந்தார். படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, டிரைவர் இருக்கையில் மச்சான் விரிக்கிற மஞ்சள் துண்டு, ஒன்று விடவில்லை. பொம்மை என்ற வார்த்தையை அத்தனை பேர் முன்னால் மச்சான் வாயாலேயே திரும்ப எடுக்கவைக்க வேண்டும். அந்த ஆசை ஒன்றுதான் அவருக்கு.

முன்கண்ணாடி மட்டும் பாக்கி. அதற்கென்று பெட்டியில் இருந்த தெளிவான பிளாஸ்டிக் துண்டு ஒன்றே ஒன்று. ஓரத்துப் பிசிறைத் தேய்க்கப்போய் மெல்லிய கோடுகள் விழுந்து, கண்ணில் பூ விழுந்தாற்போல் மங்கிவிட்டது. துடைக்கத் துடைக்க மோசமானது.

வழி சொன்னவள் மனைவி. அவள் ஒரு பெரிய அலுவலகத்தில் தரையைத் துடைத்துப் பளபளப்பேற்றும் வேலை பார்ப்பவள். தேய்ந்த தரையின் கீறலில் தரை பாலிஷ் தண்ணீராய் இறங்கி, நிரம்பி, கண்ணாடியாய்க் காய்கிறதே, இதுவும் அப்படித்தானே என்றாள். ஒரு புட்டி வாங்கியும் வந்தாள். குலுக்கினால் நுரை வரும், குலுக்காதீர்கள்; முக்கி எடுத்ததும் மூலையைக் காகிதத்தில் தொட்டால் மிச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்; பிறகு கிண்ணத்தால் மூடிவிட்டு விடியும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று பாடம் வேறு.

"ஈரத் தரையில மிதிச்சவங்க கால் தடத்தை எத்தனை பார்த்திருப்பேன். நீங்க மிதிக்காதீங்க."

வழியனுப்புக்கு முந்தின நாள் காலையில் டிரைவர் வந்து, நாளைக்குப் படம் எடுப்பார்களாம் என்று தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு போனார். பஞ்சுபோல் நரைத்த தலை. ராத்திரி ஒன்பது மணிக்குமேல்தான் சலூன்காரர் கடையைச் சாத்தினார். குளித்தார், புதுச் சட்டை போட்டார், தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்தார். கண்ணாடியை இடுக்கியால் பிடித்து பாலிஷில் முக்கி எடுத்தார். கோடெல்லாம் மாயம்! இடுக்கியின் நுனியில் ஒன்றுமே இல்லாததுபோல் அத்தனை தெளிவு. மூலையைக் காகிதத்தில் தொட்டார், சவரக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினார்.

மூடினவர் சும்மா இருந்தாரா? கல்யாண வீட்டுச் சமையல்காரன்போல் நாலு தடவை கிட்டே போய்விட்டுத் திரும்பினார். ஒரு மணி நேரம் தாங்கவில்லை. கிண்ணத்தைத் தூக்கிக் குனிந்ததுதான் தாமதம், எங்கிருந்தோ உதிர்ந்து, காயாத பளபளப்புக்குள்ளே ஒரு மூலையில் சாய்வாக ஒரு வெள்ளை முடி கிடக்கிறது.

மனைவி வந்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை, புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் புருவத்திலிருந்து இன்னும் இரண்டு நரைமுடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"எல்லாம் குளிச்சீங்க, புருவம் மட்டும் குளிக்கல. இது எங்க அண்ணன் முடி."

இழுத்தால் பூச்சு உரிந்துவிடும். கரைத்துக் கழுவி மறுபடி முக்கினால் விடிவதற்குள் காயாது. தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. வேறு வழியில்லாமல் காலையில் அதையே பொருத்தினார்.

பணிமனையில் நீள மேசை, தேநீர்க் கோப்பைகள், டிரைவர்கள், மெக்கானிக்குகள். அந்த மூலை சுவர்ப்பக்கம் இருக்கும்படி பஸ்ஸை வைத்தார் சலூன்காரர். டிரைவரா விடுவார்? முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சரியாக அங்கேயே குனிந்தார். விரல் மூலைக்குப் போயிற்று.

டிரைவர் நிமிர்ந்து மெக்கானிக்குகளைப் பார்த்தார்.

"இங்க பாருங்கடா, என் விரிசல். பதினொரு வருஷமா கத்துனேன், உங்க ஒருத்தன் காதுலயும் விழல. முடி வெட்டுறவர் காதுல விழுந்திருக்கு. இதைப் போய் பொம்மைன்னு எவன் சொன்னான்?"

"நீங்கதாண்ணே சொல்லிட்டுத் திரிஞ்சீங்க" என்றது ஒரு குரல். சிரிப்பில் மேசையே குலுங்கிற்று.

கேட்க ஆசைப்பட்ட வார்த்தை கிடைத்துவிட்டது. ஆனால் சலூன்காரருக்கு அதைப் பொய்யாய் வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அவர் மச்சான் காதோரம் குனிந்தார்.

"மச்சான், அது விரிசல் இல்ல. உங்க முடி. நேத்து வெட்டினது, தப்பா விழுந்துடுச்சு."

டிரைவர் தன் தலையைத் தடவினார். பஸ்ஸைப் பார்த்தார். மறுபடி தலையைத் தடவினார். பிறகு மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னார்:

"இருக்கட்டும் மாப்பிள்ளை. நான் இறங்கிட்டேன், என் முடி ஒண்ணாவது வண்டியில உட்கார்ந்திருக்கட்டும். இவனுங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, விரிசல்னே நினைச்சு வெட்கப்படட்டும்."

வெட்கப்பட்டார்கள்தான். அடுத்த வாரமே அசல் பஸ்ஸுக்குப் புதுக் கண்ணாடி வந்தது. டிரைவரோ இப்போது முடி வளர்ந்தாலும் வளராவிட்டாலும் சலூனுக்கு வந்து, அடுத்தது என்ன வண்டி என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். நாற்காலியில் சாய்கிறவர்களிடம் விரிசல் கதையைச் சொல்வதும் அவர்தான். சொல்லும்போது மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார்.

சரி, மின்விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள், செல்லங்களே. உங்கள் வீட்டுக் கண்ணாடியெல்லாம் தெளிவாக இருக்கட்டும். தப்பித் தவறி ஒரு முடி விழுந்தாலும், அதைப் பார்த்துச் சிரித்துத் தோளில் கைபோட உங்கள் வீட்டிலும் ஒரு மச்சான் இருக்கட்டும்.