எண்பத்தொண்ணு, பிரசன்ட்

அக்கா வந்து சேர்வதற்குள் வாஷிங் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட வேண்டும் என்று அவன் முக்கிக்கொண்டிருந்தான். அம்மா தனியாக இதை எப்படித்தான் இவ்வளவு தூரம் இழுத்தாளோ! குளியலறை வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. பின்பக்கக் குழாயைக் கழற்றி, தரையில் பழைய துணி விரித்து, ரிப்பேர்காரனுக்கு வசதியாக எல்லாம் செய்து வைத்திருந்தாள். அதன் பிறகுதான் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அங்கேயே உயிர் போயிருக்கிறது.

மெஷின் தரையைக் கீறிக்கொண்டு கிறீச்சென்று நகர்ந்தது. கூடத்தில் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க பண்றீங்க இப்ப?" மனைவி வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் தகவல் கேட்டு அப்படியே ஓடி வந்திருந்தாள். விரல்களில் சாக்பீஸ் தூள் இன்னும் போகவில்லை.

"ஆளுங்க கை கால் கழுவ வருவாங்க. வழியில நிக்குது."

"யாரு இதை இழுத்துப் போட்டா?"

"எனக்கென்ன தெரியும்?"

தெரியாதாம்! காலை எட்டு மணிக்கு, மனைவி வேலைக்குப் போன பிறகு, இதே வாசலில் நின்றுதான் அம்மாவிடம் உத்தரவு போட்டான். அம்மா தோளில் பை மாட்டி, செருப்புக்குள் கால் நுழைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதில் எம்.ஏ. வரலாறு. முப்பத்துநாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள், ஓய்வுபெற்ற மறுமாதமே பல்கலைக்கழகத்துக்குப் போய் விண்ணப்பப் படிவத்தோடு திரும்பினாள். தபாலில் படித்துத் தொலைக்கக் கூடாதா என்று அவன் கேட்டான். பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டுமாம்.

"இன்னைக்கு நீ போகாதம்மா. மெஷின் பாக்க ஆள் வர்றான். ஒம்பதுலேருந்து பன்னெண்டுக்குள்ள எப்ப வேணா வருவானாம்."

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு என் கட்டுரைடா. எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்த பொம்பளைங்களைப் பத்தி. எல்லார் முன்னாடியும் வாசிக்கணும்."

"ரெண்டு மணிக்குத்தானே? அவன் போனப்புறம் போ."

"காலைல கிளாஸ் இருக்கே. ஏற்கெனவே அட்டெண்டன்ஸ் இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கு. எழுபத்தஞ்சு பர்சென்ட் இல்லன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க."

"எழுதி எந்தக் கம்பெனிக்கு மேனேஜராப் போற?"

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "காலைலேருந்து நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா" என்றாள்.

"கேஸா இருக்கும். வெந்நீர் குடி" என்று சொல்லிவிட்டு லிஃப்டைப் பிடிக்க ஓடினான்.

பதினொரு மணிக்கு ரிப்பேர்காரன் போன் செய்தான். மணி அடித்து அடித்துக் கை வலிக்கிறது, கதவைத் திறக்க ஆளில்லை என்றான். சொல்லியும் கேட்காமல் காலேஜுக்குப் போய்விட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவன் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறக்கும்போது என்னவெல்லாம் திட்ட வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கூட வைத்திருந்தான். வந்து பார்த்த டாக்டர், பத்து மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார்.

அக்காவுக்குப் போனில் சொன்னபோது, "கிளம்பறப்ப நல்லாத்தான் இருந்தாங்கக்கா" என்றான். இனி அதையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வேறு யாருக்குத் தெரிந்தாலும் சமாளிக்கலாம், அக்காவுக்குத் தெரியக் கூடாது. அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகப் போன வருஷம் அவள் வந்து ஒற்றைக்காலில் நின்றாள். "அம்மாவ நீ வீட்டுக்குக் காவலா வச்சிருக்க" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அம்மாதான் போக மறுத்துவிட்டாள். மகன் மேல் பாசம் என்று அவன் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டான். இங்கிருந்து பல்கலைக்கழகம் ஒரே பஸ் என்பதுதான் உண்மையான காரணம்.

மூன்று மணிக்கு அக்கா வந்தாள். அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"காலைல ஒண்ணும் சொல்லலையாடா?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"காய்ச்சலோட கூட கிளாசுக்குப் போறவளாச்சே. இன்னைக்கு ஏன் போகல?"

"தெரியலக்கா. அசதியா இருந்திருக்கும்."

நாலு மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியையும், கூடவே ஏழெட்டு மாணவ மாணவிகளும் வந்தார்கள். அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகளாக இருக்க வேண்டிய வயசு. 'ஹலோ ஆன்ட்டி' என்றுதான் அவர்கள் அம்மாவைக் கூப்பிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பாள். அவன் ஒரு நாளும் கூடச் சிரித்ததில்லை.

பேராசிரியை அம்மாவையே பார்த்தபடி நின்றார். "எத்தனை மணிக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"பத்து மணி இருக்கும்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் அக்கா.

"பத்து மணிக்கா? பத்து மணிக்கு என் கிளாசுல இல்ல இருந்தாங்க? நானே டிக் போட்டேனே!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அவனுக்கு மட்டும் உள்ளே ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. "அதானே! கிளாசுக்குப் போயிட்டு வந்துதான் இப்படி ஆயிருக்கு. நான்தான் சொன்னேனேக்கா, கிளம்பறப்ப நல்லா இருந்தாங்கன்னு. டாக்டர் குத்துமதிப்பா ஏதோ சொல்லியிருப்பாரு" என்று படபடவென்று பேசினான்.

"மேடம்..." சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். "ஆன்ட்டி வரல மேடம். ஆன்ட்டியோட நம்பர் எண்பத்தொண்ணு, அதுக்கு நான்தான் குரல் குடுத்தேன்."

பேராசிரியைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை நாளா நடக்குது இது?"

"இந்த செமஸ்டர்ல பத்தொம்பது நாள் மேடம். ஆன்ட்டி பரீட்சை எழுதணும்னு... நாங்க எல்லாருமா சேர்ந்துதான்..."

"தொண்ணூறு பேரு" என்றார் பேராசிரியை, யாரிடம் என்றில்லாமல். "நம்பரைக் கூப்பிடறேன், சத்தம் வருது, டிக் போடறேன். தலைய நிமித்தினாத்தானே தெரியும்."

"ஏன்மா வரலன்னு சொன்னா அம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"வர முடியாத அன்னைக்கு எனக்கு மெசேஜ் போடுவாங்க." போனை எடுத்து நீட்டினாள் அந்தப் பெண்.

அக்கா வாங்கி மேலிருந்து படிக்கத் தொடங்கினாள். முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக. "மகன் வாங்கின சோபா வருதாம். கதவு திறக்க எம்.ஏ. முடிக்காதவங்க போதுமாம். எண்பத்தொண்ணுக்குக் குரல் குடு கண்ணு." அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "மகன் வீட்டுச் சாவிய மறந்துட்டுப் போயிட்டான். என்னை மறக்காம விட்டுட்டுப் போயிருக்கான்." எதிர்வீட்டு வக்கீல்கூட அடக்க முடியாமல் புன்னகைத்தார். அம்மாவே அந்த அறையில் பேசிக்கொண்டிருக்கிற மாதிரிதான் இருந்தது. போனைப் பிடுங்கிவிடலாமா என்று அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். அதற்குள் அக்கா கடைசிக்கு வந்துவிட்டாள்.

"காலைல ஒம்பது இருபது" என்று நேரத்தையும் சேர்த்தே படித்தாள். "இன்னைக்கு மெஷினுக்கு வைத்தியர் வர்றார். மகன் என்னைக் காவலுக்கு உக்கார வச்சிட்டுப் போயிருக்கான். எனக்கும் காலைலேருந்து நெஞ்சு அடைக்குது. ஆனா இந்த வீட்டுல முதல்ல மெஷின், அப்புறம்தான் நான். அவர் வந்துட்டுப் போனதும் டாக்டரைப் பாத்துட்டு, ரெண்டு மணிக்குக் கட்டுரை வாசிக்க வந்துடுவேன். மேடம்கிட்ட ஒண்ணும் சொல்லாத. பிரசன்ட் மட்டும் சொல்லிடு."

அதற்குக் கீழே, பதிலாக அந்தப் பெண் அனுப்பிய ஒரு கட்டைவிரல் படம்.

மனைவி குளியலறைப் பக்கம் ஒரு முறை திரும்பினாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. யாராவது ஏதாவது கேட்பதற்கு முன்னால் தானே பேசிவிட வேண்டும் என்று அவனுக்குப் பட்டது.

"நீ ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்றான் அந்தப் பெண்ணைப் பார்த்து.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"நெஞ்சு அடைக்குதுன்னு பச்சையா எழுதியிருக்காங்க இல்ல? படிச்சுட்டு ஒரு கட்டைவிரலப் போட்டுட்டு, ஜாலியா கிளாசுல உக்காந்து பிரசன்ட் சொல்லியிருக்க. உங்க மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? ஓடி வந்து பாத்திருந்தா? எங்கம்மா இப்ப உசுரோட இருந்திருப்பாங்க!"

குரல் உடைந்து உண்மையாகவே அழுகை வந்தது. அது அவனுக்கு உதவியாகவும் இருந்தது. "அதானே, படிச்ச பொண்ணு" என்றார் வக்கீல். "தப்புதான். ரொம்பப் பெரிய தப்பு" என்று பேராசிரியை அவசரமாகத் தலையாட்டினார். பாரத்தைப் பாதியாவது இறக்கி வைக்க இடம் கிடைத்த நிம்மதி அந்த அவசரத்தில் தெரிந்தது.

"ஆமா" என்றாள் அந்தப் பெண். "சொல்லியிருக்கணும். தமாஷா எழுதியிருக்காங்கன்னு நெனச்சுட்டேன்." மேற்கொண்டு ஒரு வார்த்தை தனக்காகப் பேசவில்லை. ஒதுங்கி ஒதுங்கிக் கூட்டத்தைக் கடந்து படியிறங்கிப் போய்விட்டாள்.

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவனுக்கே தோன்றியது. இருபத்திரண்டு வயதுப் பெண். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அக்கா எழுந்து அவன் அருகே வந்தாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், "உன்கிட்ட சொன்னாளா?" என்றாள்.

"எதைக்கா?"

"நெஞ்சு அடைக்குதுன்னு."

இப்போதாவது சொல்லலாம். அக்கா அடிப்பாள், கத்துவாள், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அழலாம். அவன் அவளுடைய சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டு, "இல்லக்கா" என்றான்.

அக்கா சரி என்று தலையசைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஐந்தரை மணிக்கு மயானத்துக்குக் கொண்டுபோகும் வண்டி வந்தது. அம்மாவைக் கீழே கொண்டுபோய் உள்ளே ஏற்றினார்கள். "பக்கத்துல ரெண்டு பேருதான் உக்கார முடியும். மத்தவங்க அவங்கவங்க வண்டியில வாங்க" என்றார் டிரைவர். அக்கா ஏறி உட்கார்ந்தாள். அவன் கம்பியில் கையை வைத்து, ஏறுவதற்குக் காலைத் தூக்கினான். அக்கா அவனைத் தாண்டி யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, நீ வா."

ஸ்கூட்டர்களுக்கு நடுவே தரையில் குந்தியிருந்த அந்தப் பெண் மிரண்டு போய் எழுந்தாள். "நானா? நான் எப்படிக்கா..."

"ஏறும்மா. நேரமாகுது."

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். அவன் கம்பியை விட்டுவிட்டு வழிவிட வேண்டியதாயிற்று. டிரைவர் குழப்பத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார்தானே மகன்னு சொன்னாங்க? அவர் ஏறலையா?"

"ரெண்டு பேரும் ஏறியாச்சு. கதவைச் சாத்துங்க" என்றாள் அக்கா.

வண்டி தெருமுனை திரும்பும்வரை அவன் அங்கேயே நின்றான். வக்கீல் தன் காரில் ஆட்களை அடைத்து ஏற்றிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் நாலாவது ஆளாக இடித்துக்கொண்டு அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள், ஜன்னல் பக்கம் திரும்பாமல்.

"உங்க கார்ல எத்தனை பேர் வரலாம் சார்?" என்று வக்கீல் கேட்டார்.

"நாலு பேரு" என்றான். போய்க் காரின் நாலு கதவையும் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான்.