பரிமளம் கையெழுத்துப் போடவில்லை

இரத்தினபுரிப் பக்கத்துத் தெல்கஸ்சந்தியில் நாலு மாதத்துக்குள் மூன்று பேரைக் கத்தியால் குத்தினார்கள். மூன்றாவது ஆள் பரிமளத்தின் புருஷன் சண்முகநாதன்.

ஞாயிற்றுக்கிழமை, சந்தை கூடுகிற காலை நேரம். தன் பலசரக்குக் கடை வாசலில் கசிப்புச் சாராயம் விற்கக்கூடாது என்று பியசேனவிடம் அவர் சத்தம் போட்டார். அவன் இடுப்புச் சாரத்துக்குள்ளிருந்து கத்தியை எடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓப்பநாயக்கவிலிருந்து கார் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அது 1976. சந்தியில் அப்போது இருநூறு பேராவது நின்றிருப்பார்கள். பொலிஸ் வந்து விசாரித்தபோது ஒருவர் கண்ணிலும் ஒன்றும் பட்டிருக்கவில்லை. பரிமளம் மட்டும்தான் உண்மையிலேயே பார்க்காதவள். கடைக்குப் பின்னால் அடுப்படியில் நின்றிருந்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் வர்த்தக சங்கத்தார் அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். சாலி முதலாளியின் துணிக்கடை மாடியில் கூட்டம். சாலிதான் சங்கத் தலைவர். கடைக்காரர்கள் இருபது பேர் இருந்தார்கள். நடுவில் போஸ்ட்மாஸ்டர் இராசநாயகம் இராணுவத்தை அனுப்பக் கேட்கும் ஒரு மனுவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் அவரே எழுதியிருந்தார்.

"சந்திக்கு ஆமியை அனுப்பச் சொல்லிக் கேக்கிறம்," என்றார் சாலி. "பொலிஸ்ல ஏழு பேரு, ஒரு ஜீப்பு. அந்த ஜீப்பையும் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஆமி வந்து நின்டா இவனுகள் ஒருத்தனும் தலைகாட்ட மாட்டானுகள்."

இராசநாயகம் பேனாவை நீட்டினார். "முதல் கையெழுத்து உங்கடையா இருந்தால்தான் மனுவுக்குப் பாரம், அம்மா."

பரிமளம் பேனாவை வாங்கவில்லை.

"நான் போட மாட்டேங்கய்யா."

"ஏனம்மா?"

"எழுபத்தொண்ணுல ஆமி வந்துச்சே, மறந்துட்டீங்களா? எந் தம்பி சுந்தரலிங்கம் விளக்கெண்ணெ வாங்க வந்தான். பாலத்துல நிறுத்தி முழங்காலக் காட்டச் சொன்னாங்க. காயம் இருந்துச்சு. தேயில ஃபெக்டரியில கொழுந்துச் சாக்கோட விழுந்த காயம். காட்டுக்குள்ள தவழ்ந்து பயிற்சி எடுத்த காயம்னு சொல்லி ஏத்திட்டுப் போயிட்டாங்க. பத்து மாசம் கழிச்சு வந்தான். இன்னைக்கு வரைக்கும் ஒரு காது கேக்காது."

"அது அரசாங்கத்துக்கு எதிரா பொடியனுகள் கிளம்பின கலவர காலம். இது வேற," என்றார் சாலி.

"துவக்கு வச்சிருக்கிறவருக்கு வேறயா இருக்குமா முதலாளி? பாலத்துல நிக்கிறவரு தூரத்து ஊர்க்காரரு. எங்கள்ல யாரு கொழுந்தெடுக்கிறவன், யாரு கத்தி வச்சிருக்கிறவன்னு அவருக்கு எப்படித் தெரியும்? தோட்டத்து லயத்துப் பொடியன்களைத்தான் முதல்ல பிடிப்பாங்க. கேக்க ஆளில்லாதவன்தானே கைக்கு லேசு."

இராசநாயகம் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "உங்கடை துக்கம் எங்களுக்கு விளங்குது. ஆனா இங்கை இருக்கிறவைக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. பயந்து கொண்டே சீவிக்கேலுமோ? காவல் தாறது அரசாங்கத்தின்ரை கடமையெல்லோ?"

"கடமதான். இல்லைன்னு சொல்லல. ஆனா நான் ஒண்ணு கேக்குறேன்." பரிமளம் எழுந்து நின்றாள். "எம் புருஷனக் குத்துனவன் யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். உங்கள்ல எத்தனை பேரு அன்னைக்குக் கடை வாசல்ல நின்னீங்க? ஒரு ஆளு பொலிஸுக்குப் போய் வாயத் திறந்தீங்களா? ஒரு கத்திக்காரன் பேரச் சொல்றதுக்குப் பயந்துக்கிட்டு, லொறி நிறைய துவக்கைக் கூப்பிடுறீங்க. எம் புருஷன் பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க."

அவள் படியிறங்கிப் போனாள். அறைக் கதவுக்குப் பின்னால், எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சாலியின் மனைவி ஹபீஸா அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மனு அவள் கையெழுத்து இல்லாமலே போனது. மூன்றாம் வாரம் ஆமி வந்து, மூடிக் கிடந்த கூட்டுறவுக் கட்டடத்தில் முகாம் போட்டது.

முதல் பத்து நாள் சந்தி அமைதியாகத்தான் இருந்தது. கடைகள் இரவில் நேரஞ்சென்றே பூட்டப்பட்டன. சாலி பரிமளத்தின் கடைக்கே வந்து, "பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பியசேன கசிப்பு விற்பதை நிறுத்திவிட்டு, முகாமுக்குச் செவ்விளநீர் கொண்டுபோய்க் கொடுத்தான். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் யார் யார் சண்டியர்கள் என்று முகாமில் கேட்டபோது பெயர் சொன்னவனும் அவன்தான். கசிப்பை லயத்துக்குள் விடாமல் தடுத்த பொடியன்களின் பெயர்களாகப் பார்த்துச் சொன்னான்.

பதினோராம் நாள் காலை, தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவர்களிலிருந்து பதினொரு பேரை லொறியில் ஏற்றினார்கள்.

செய்தி வந்ததும் பரிமளம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினாள். அவள் பிறந்த தோட்டம் அது. "கூடையை இறக்குங்க. எல்லாரும் வாங்க," என்றாள். அறுபது எழுபது பெண்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு முகாம் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. துவக்கோடு நின்ற சிப்பாய் எழும்பச் சொன்னான். ஒருத்தியும் அசையவில்லை. சந்தியே வந்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்தது. சாலியும் இராசநாயகமும் நின்றார்கள். வளவுச் சுவரில் சாய்ந்தபடி பியசேனவும் நின்றான்.

பன்னிரண்டு மணிக்கு கெப்டன் வெளியே வந்தார். இளம் ஆள். "யார் இதுக்குத் தலைவி?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பரிமளமும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். "தலைவி இல்ல மாத்தயா. கொலை நடந்ததால வந்தோம்னு சொல்றீங்களே, அந்தக் கொலையில செத்தவரு பொண்டாட்டி நான். நீங்க பிடிச்ச பதினொரு பேருல ஒருத்தனும் அதச் செய்யல."

"அப்ப யார் செய்தது?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். "அந்தா நிக்கிறான்."

கெப்டன் திரும்பிப் பார்த்தார். பியசேன சிரித்தான்.

"நீ கண்ணால் கண்டாயா?"

"இல்ல மாத்தயா. நான் அடுப்படியில இருந்தேன்."

"கண்டவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் சொல்லட்டும். வெறும் வாய்ப்பேச்சில் ஒருவனைப் பிடிக்க என்னால் முடியாது."

"இந்தப் பதினொரு பேரயும் எந்த சாட்சி சொல்லிப் பிடிச்சீங்க?"

கெப்டனின் முகம் சிவந்தது. துவக்குக்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் எதிர்ப்பக்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹபீஸா வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டிருந்தாள்.

"நான் கண்டேன்," என்றாள் சிங்களத்தில். "எங்க வீட்டு முன்னறையில தையல் மெஷினுக்கு முன்னால இருந்தேன். நேரெதிரே அவங்க கடை. குத்தினது இந்தப் பியசேன. ரெண்டு தரம் குத்தினான். பொறகு கத்தியைச் சண்முகநாதன் முதலாளியிட சட்டையிலேயே துடைச்சான்."

"ஹபீஸா! உள்ளுக்குப் போ!" என்று சாலி கத்தினார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "போக மாட்டேன். நீங்களும்தான் கண்டீங்க. கூட்டத்துல பரிமளம் அக்கா கேட்ட நாளில இருந்து எனக்குக் கண்ணு மூட ஏலல்ல. உங்களுக்கு எப்படி நித்திரை வருது?"

பியசேன ஓடினான். பாலத்தடியில் ரெண்டு சிப்பாய்கள் மடக்கிப் பிடித்தார்கள். பொலிஸ் ஜீப்பைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்தது. ஹபீஸாவின் வாக்குமூலத்தை எழுதியபிறகு, யாரும் கேட்காமலே இராசநாயகம் முன்னால் வந்தார். "நானும் கண்டனான். என்ரையும் எழுதுங்கோ," என்றார்.

பதினொரு பேரையும் மூன்றாம் நாள்தான் விட்டார்கள். ஒருவனுக்கு விலா எலும்பு முறிந்திருந்தது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பரிமளம் அதையும் விடவில்லை. இராசநாயகத்தைப் பிடித்து முறைப்பாடு எழுதவைத்து, அரசாங்கக் கச்சேரிக்கும் கொழும்புக்கும் அனுப்பினாள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் இன்னொன்று அனுப்பினாள். அந்த வருஷம் முடிவதற்குள் ஆமி போய்விட்டது. அவள் கடிதங்களால்தான் போனதா என்று யாருக்கும் தெரியாது.

"பிடிச்சது ஆமிதானே?" என்று சாலி ஒரு நாள் வாதாடினார்.

"பிடிச்சாங்க. எப்ப? உங்க வீட்டுப் பொம்பள வாயத் திறந்த பிறகு," என்றாள் பரிமளம்.

சாலி மனைவியோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் இரத்தினபுரிக் கோர்ட்டில் வழக்கு நடந்த ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளி நடந்தபடி அவளுடன் போனார். எதிர்த் தரப்பு வக்கீல் ஹபீஸாவை ஒன்றரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். அவள் சொன்னதில் ஒரு சொல் மாறவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பியசேனவுக்குப் பதினைந்து வருஷச் சிறை என்று தீர்ப்பு வந்தது. கோர்ட் வாசலில் அவனுடைய அண்ணன் இரண்டு ஆட்களோடு வழியை மறித்தான்.

"சந்திக்குத்தானே திரும்பி வரவேணும்?" என்றான்.

ஹபீஸா பரிமளத்தின் கையைப் பிடித்தாள். பரிமளம் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா, வருவோம்," என்றாள், அவனுக்கு விளங்குகிற சிங்களத்திலேயே. "மூணு மணி பஸ்ல."

அந்த பஸ்ஸில்தான் ஏறினார்கள். முன் சீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.