பதினோராம் நம்பர் டேப்

டைல்ஸ் தொழிற்சாலையில் அவருக்குப் பச்சைலைட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. எந்த மெஷின் நின்றுபோய் யார் மூச்சிரைக்க ஓடி வந்தாலும், மனிதர் நாற்காலியை விட்டு எழமாட்டார். திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பச்சைதானே எரியுது? நெட்வொர்க்ல ஒண்ணும் இல்லப்பா, உங்க பக்கம் பாருங்க" என்பார். நெட்வொர்க் டெக்னீஷியனே சொல்லிவிட்ட பிறகு எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

அப்படிப்பட்டவர் அன்று ஏணி ஏறியிருந்தார் என்றால், வேறு வழியில்லாமல்தான். பழைய கேபிளைக் கழற்றிவிட்டுப் புதிது போடுகிறார்கள். சூளை வாசலுக்கு மேலே ஓடும் இரும்புக் கேபிள் தட்டில் எந்த ஒயர் எது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சூளையை அணைத்து மூன்று நாள் ஆகியிருந்ததால் சூடு இல்லை. இல்லையென்றால் அப்போதும் ஏறியிருக்கமாட்டார்.

அந்தக் கேபிள் தொழிற்சாலை முழுக்க ஒரே நீளமாக ஓடுவது. வழியில் ஆங்காங்கே கட்டைவிரல் அளவில் டேப் என்று ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு கிளை ஒயர் பிரிந்து மெஷினுக்குப் போகும். பிறகு தேவைப்படலாம் என்று சில டேப்களைச் சும்மா விட்டு வைப்பதும் உண்டு. அப்படி விட்டால் கிளையின் நுனிக்கு ஒரு மூடி போட்டே ஆகவேண்டும். மூடி இல்லாத நுனி இரும்பில் உரசினால் கேபிள் முழுக்க இரைச்சல் புகுந்து, மெஷின்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் ஒரு நொடி திகைத்துப்போகும். புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இதை வகுப்பு எடுத்தவரே பச்சைலைட்டுதான்.

பதினோராம் நம்பர் டேப்பின் கிளையில் மூடி இல்லை. நுனியில் யாரோ ஒட்டுக்காகிதம் சுற்றியிருந்தார்கள், அதன் மேல் சாம்பல் நிறப் பெயின்ட் தெறித்துக் காய்ந்திருந்தது.

அந்த மூடியைக் கழற்றியது அவரேதான். ஆறு வருடத்துக்கு முன்னால் நாலாம் நம்பர் டேப்புக்கு அவசரமாக ஒரு மூடி தேவைப்பட்டது, ஸ்டோரில் இல்லை. ரெண்டு நாளில் வந்துவிடும், வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று இதிலிருந்து எடுத்தார். வந்ததா, யார் வாங்கி வைத்தார்கள் என்று பிறகு அவர் கேட்கவே இல்லை.

அதே மாதம்தான் சூளை லைன் மூன்று தடவை நின்றது. உள்ளே மாட்டிக்கொண்ட டைல்ஸ் அத்தனையும் வீண். மூன்று தடவையும் 'ஆபரேட்டர் பட்டனை அழுத்தி நிறுத்தினார்' என்றே கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. ஆபரேட்டர் வேறு யாருமல்ல, பச்சைலைட்டின் அக்கா புருஷன். பதினெட்டு வருடமாக அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர்.

நிறுத்தும் பட்டனிலிருந்து சிக்னல் வந்துகொண்டே இருக்கும். அது அறுந்தால், பட்டனை அழுத்திவிட்டார்கள் என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். கேபிளில் கோளாறு என்றாலும் பழி பட்டன் மேல்தான் விழும். இதுவும் பச்சைலைட்டுக்குத் தெரியும். ஆனாலும் விசாரணையில் "நெட்வொர்க்கில் கோளாறு இல்லை" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அத்தான் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மேனேஜர் முன்னாலேயே, "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார். அதோடு வேலை போனது. அடுத்த மாதம் பெயின்டர்கள் வந்து தட்டுக்கு வர்ணம் அடித்தார்கள், நுனியில் பெயின்ட் படாமலிருக்கக் காகிதம் சுற்றினார்கள், சுற்றியது சுற்றியபடியே நின்றுவிட்டது. நுனி இரும்பில் உரசாததால் லைனும் நிற்பதை நிறுத்திக்கொண்டது. அத்தான் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தாயா என்று ஊரே பேசிக்கொண்டது.

கீழே கழிவுக் குவியல் கிடந்தது. கழற்றிய டேப்பைக் கை நழுவியதுபோல் அதில் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெகுநேரம் ஏணியிலேயே நின்றார். பிறகு டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

சாயங்காலம் அக்கா வீட்டில், அத்தான் வழக்கம்போலக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை போனதிலிருந்தே இப்படித்தான். ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்தபோதும் ஒரு நாள் கூடத் தூக்கவில்லை. "தாத்தாவுக்குக் கை சுளுக்கிக்குமாம்" என்று குடும்பமே கேலி செய்தது, பச்சைலைட்டு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

மேஜையில் டேப்பை வைத்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

"அப்போ செக் பண்ணிட்டேன்னு சொன்னியேடா?" என்றாள் அக்கா.

"திரையில பாத்தேன்க்கா. மேல ஏறிப் பாக்கல."

"ஏன்?"

"சூடா இருந்துச்சு."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நாளைக்கே மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன் அத்தான்."

"அதை விடு மச்சான். நான் பட்டனைத் தொடல, அப்படித்தானே?"

"தொடல அத்தான்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

அத்தான் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து, மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். "தொட்ட ஞாபகமே எனக்கு இல்ல. ஆனா நீ படிச்சவன், பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னு நெனச்சேன். அப்போ எனக்கே தெரியாம கை போயிருக்கும்னு நம்பிட்டேன். தனக்குத் தெரியாம போற கையை வெச்சிக்கிட்டு எப்படிடா பச்சக்குழந்தையைத் தூக்கறது? எங்க போட்டுடுவேனோன்னு பயம்."

ஆறு வருடமாக இந்த மனிதர் ஒரு தடவை கூடப் பச்சைலைட்டைச் சந்தேகப்படவில்லை. தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அப்போது பேத்தி பள்ளிக்கூடப் பையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஐந்து வயது, வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை. அத்தான் எழுந்து, அவள் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வாடா கண்ணு, தாத்தா தூக்கறேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள்.

"நான் என்ன பாப்பாவா?" என்று கேட்டுவிட்டு, நீட்டிய கைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து உள்ளே ஓடிவிட்டாள்.

அத்தான் கைகளை மடக்காமல் அப்படியே நின்றார்.