இறகின் மேல் பழி

வில்வேட்டைச் சங்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அது மூன்றாவது தேர்வு. இருபது தப்படி தள்ளி ஒரு வைக்கோல் பன்றி நிற்கும். மூன்று அம்பில் ஒன்றாவது அதன்மேல் தைத்தால் காட்டுக்குப் போகலாம். தொடர்ந்து மூன்று வருடம் கோட்டைவிட்டால் பெயரையே அடித்துவிடுவார்கள். இரண்டு வருடம் கோட்டைவிட்டாயிற்று.

இரண்டு முறையும் மனிதர் அம்பின் வாலில் ஒட்டும் இறகின் மேல் பழியைப் போட்டார். முதல் வருடம் இறகின் பின்முனை கூராக நிமிர்ந்திருந்ததால் அம்பு சீறிக்கொண்டு போனதாம். அதைக் கேட்டு வைக்கோல் பன்றி விலகிக்கொண்டதா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஒரே அம்பில் பறவையின் இடச்சிறகு இறகும் வலச்சிறகு இறகும் கலந்துவிட்டன. இரண்டும் எதிரெதிராக வளைபவை, கலந்தால் அம்பு சரியாகச் சுழலாது. இது மட்டும் உண்மைதான்.

இந்த முறை சும்மா விடுவாரா? கண் காட்ட வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியில் வான்கோழி இறகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீளமா குட்டையா, கூரா வட்டமா என்று எட்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையெல்லாம் பசை, வீடெல்லாம் தும்மல். கடைசியில், சத்தம் போடாத வட்ட வெட்டு, அம்புக்கு மூன்று இறகு, மூன்றும் இடச்சிறகு என்று முடிவாயிற்று.

"எல்லாம் சரிங்க, ஒரு தடவை எய்துதான் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"எய்தா இறகு கசங்கிடும்."

அவள் தும்மிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

தேர்வன்று, குழாய் ரிப்பேர் பார்க்கும் மச்சினன் வேலையிலிருந்து நேரே வந்தான். மூன்றில் இரண்டைப் பன்றியின் வயிற்றில் இறக்கினான். என்ன இறகு என்று கேட்டதற்கு, வாங்கும்போதே ஒட்டியிருந்தது என்றான். கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் முறை வந்தது. முதல் அம்பு சத்தமில்லாமல், அலுங்காமல் குலுங்காமல் போய், பன்றிக்கு இரண்டு முழம் வலப்புறமிருந்த வேலிக்கம்பத்தில் தைத்தது. இரண்டாவது அதற்கு ஒரு விரல் கீழே. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். சங்கச் செயலாளர் அம்புகளைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு நேராகப் போகும் அம்பை இதுவரை பார்த்ததே இல்லையென்று மனதாரச் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்துப் பெயரை அடித்தார்.

"போயிடாதீங்க சார், எங்க அம்புக்கெல்லாம் நீங்கதான் இறகு ஒட்டித் தரணும்" என்றார். தேர்வில் ஜெயித்தவர்கள் ஆளுக்கொரு கட்டு அம்போடு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மச்சினனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "திடீர்னு காத்து அடிச்சுது மாமா, நான் பார்த்தேன்."

ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் அந்தக் காற்றைப் பிடித்துக்கொள்ள அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! காட்டுக்குப் போக வேண்டுமென்று அவர் ஏங்கியது பொய்யில்லை.

"காத்தெல்லாம் இல்லடா" என்றார். "நான் விட்ட எடத்துக்குத்தான் போச்சு."