வால் மழுங்கிய சாரை

தையற்காரர் மிஷினை ஜன்னலோரம் போட்டிருந்தது வெளிச்சத்துக்காக என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் தோட்டத்துச் சாரைப்பாம்பைப் பார்ப்பதற்காக. வெயில் ஏறினதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கல்லிடுக்கிலிருந்து அது வெளியே வரும். தவிட்டுக்குருவிகள் ஊரைக் கூட்டும். அணில் வாலைத் தூக்கிக்கொண்டு வசைபாடும். காது இல்லாத பிராணி, எதையும் காதில் போட்டுக்கொள்ளாது. அதன் வால் நுனி எப்போதோ அறுந்து மழுங்கிப் போயிருந்தது.

வில்லங்கம் மகள் ரூபத்தில் வந்தது. லீவுக்குக் கைக்குழந்தையோடு வருகிறேன், ஆனால் பாம்பைப் பிடித்த பிறகுதான் என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அதுக்கு விஷமே கிடையாதும்மா."

"அப்ப அதையே வெச்சுக் கொஞ்சுங்க. பேத்தியை போட்டோவுல பாத்துக்குங்க."

பேத்தியை அவர் இதுவரை போட்டோவில்தான் பார்த்திருந்தார். பாம்பு பிடிப்பவரை வரவழைத்தார்.

வந்தவர் கல்லைப் புரட்டி, ஒரு சாரையை இழுத்துத் துணிப்பையில் விட்டார். மனைவிக்கு அப்பாடா என்றிருந்தது. தையற்காரர் கண்ணாலேயே அளந்தார். ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவர் அவர். இது அவர் தினமும் பார்க்கிற பாம்பைவிட ஒரு முழம் குறைச்சல். வாலும் நுனிவரை முழுசாக இருந்தது. சொன்னால் பேத்தி வரமாட்டாள். சொல்லவில்லை.

பேத்தி வந்தாள். தவழப் பழகியிருந்தாள். அளவு நாடாவை மென்றாள், பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள், யாரோ தைக்கக் கொடுத்த சட்டையில் மூத்திரம் போனாள். தாத்தாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சட்டைக்காரரிடம் தண்ணீர் கொட்டிவிட்டது என்றார். பொய் சொல்ல வாய் பழகியிருந்தது.

ஒரு நாள் காலையில் தவிட்டுக்குருவிகள் கத்த ஆரம்பித்தன. நிமிர்ந்து பார்த்தால், பாப்பா பின்வாசலைத் தாண்டித் தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள். மனிதருக்கு உயிரே போய்விட்டது. விழுந்தடித்து ஓடிக் குழந்தையை வாரியெடுத்தார். மழுங்கின வால் சாவகாசமாகக் கல்லுக்கடியில் போனதை, பின்னாலேயே ஓடிவந்த மகளும் பார்த்துவிட்டாள்.

"ஐயோ! இது எப்பப்பா வந்துச்சு?"

"வரல. போகவே இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பிடிச்ச அன்னைக்கே தெரியும். அது வேற பாம்பு."

மகள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பாம்பு இருந்தாக்கூடத் தொலையுது. எங்கிட்ட சொல்லலியேப்பா நீங்க."

மத்தியான பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் அவரே பாம்பு பிடிப்பவரைக் கூப்பிட்டார். இந்தத் தடவை பக்கத்திலேயே நின்று பார்த்தார். அளவு சரி. வாலும் சரி. வீட்டு ஆளை ஊருக்கு அனுப்புவதுபோலத் தெருமுனைவரை பையோடு நடந்தார்.

"எலி கிடைக்கிற இடமாப் பாத்து விடுங்க" என்றார்.

திரும்பி வந்ததும் மகளுக்குப் போன் போட்டார்.

"போயிடுச்சும்மா. சத்தியமா அதேதான்."

மறுமுனையில் பாப்பா எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"போனை அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தார். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எனக்கென்னடி தெரியும்? ரெண்டும் எனக்குப் பாம்பாத்தான் தெரிஞ்சுது. போயிடுச்சுன்னு உங்கப்பாதான் சொல்றாரு."